பாலோ பாறைக்குள் போக ஓர் அனுமதி

சிங்கப்பூர் படகுத்துறையில் வேலை படுத்துப் போயிருந்த சமயம் அது. ரப்பர் விலை விழுந்ததும் மூட்டைகள் குறைந்துவிட்டன. மூட்டை தூக்க வந்து நிற்கிறவர்கள் மட்டும் குறையவில்லை. அந்தக் கூட்டத்தில் நானும் குந்தியிருந்தபோது அருளப்பா மாஸ்டர் என்னைத் தேடி வந்தார்.

யாழ்ப்பாணத்துக்காரர். நில அளவை ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. அவர் யாருக்கும் பாடம் சொன்னவர் இல்லை. கண்ணாடியையும் நடையையும் பார்த்து ஜனங்கள் மாஸ்டர் ஆக்கிவிட்டார்கள். லீவு கிடைத்தால் மற்ற கிராணிமார் சொந்த ஊருக்குக் கப்பலேறுவார்கள். இவர் குகைகளுக்குள் புகுந்து, தவழ்ந்து, உள்ளே எது எங்கே இருக்கிறதென்று படம் வரைவார். எதற்கு என்று கேட்டால் கோபம் வரும்.

“கயிறு பிடிக்கத் தெரியுமோ காணும்?” என்றார்.

“கப்பல்ல பிடிச்சிருக்கேன்.”

“இருட்டுக்குப் பயமோ?”

“சோறு உண்டா?”

“மூண்டு வேளையும் உண்டு.”

“அப்ப பயமில்ல.”

நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கப்பல் அடுப்படி, ரங்கூன் அரிசி ஆலை, பினாங்கு சலவைக் கொட்டகை என்று போனதில், எந்த ஊரிலும் இரண்டாம் முறை கால் வைத்ததில்லை. ஜொகூருக்கு ஒரு முறைகூடப் போனதில்லை. கிளம்ப அதுவே போதுமாக இருந்தது.

கடலை நிரப்பிப் போட்ட கல்பாதையின்மேல் ரயில் போகும்போது இரண்டு பக்கமும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தேன். மாஸ்டர் பார்க்கவில்லை. அவருக்கு வேறு கவலை.

“கல்லுக்குள்ள போறது லேசு. கல்லுக்குச் சொந்தக்காரரைத் தாண்டிப் போறதுதான் கஷ்டம்,” என்றார். பேராக் பக்கம் ஒரு குகைக்கு இவருக்கு முன்னால் போனவர்கள் யாரோ மரவள்ளிப் பாத்தியை மிதித்துவிட்டு வந்தார்களாம். சீனத் தோட்டக்காரர் அன்றிலிருந்து அந்த வழியில் நாயைக் கட்டிவிட்டார். இன்னோர் இடத்தில் வேலிப்படலைத் திறந்து போட்டதில் எருமை ஓடிப் போயிற்று. அந்தக் குகையும் போயிற்று. பாலோவுக்குப் பக்கத்தில் உள்ள இந்தப் பாறை ஒன்றுதான் மிச்சம்.

“இதுவும் அடைபட்டா நான் லீவுக்கு வீட்டில இருந்து சுவரைத்தான் பார்க்க வேணும்,” என்றார். சிரிப்புக்குச் சொன்னதாக இருக்கும் என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

முன்னால் பாதையில் மண் சரிந்திருக்கிறதென்று ரயிலைக் குளுவாங்கிலேயே நிறுத்திவிட்டார்கள். கருவாடும் அன்னாசியும் ஏற்றிய லாரி ஒன்றில் தொற்றிக்கொண்டோம். வழியில் தூறல் பிடித்தது. கித்தான் ஒழுகி எங்கள் கார்பைடு டின்னுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. விளக்குக்கு வேண்டிய கல் அது. ஈரம் பட்டால் வாயு கிளம்பும், நெருப்புப் பட்டால் வெடிக்கும். டின் ‘உஸ்’ என்றது. பூண்டு அழுகின நாற்றம் அடித்தது. பக்கத்தில் ஒரு சீனக் கிழவர் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் மலாயில் அலறிய அலறலில் கிழவர் சுருட்டோடு சேர்ந்து சேற்றில் குதித்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் குதித்தார்கள். டிரைவர் எங்களை ஏற்ற மறுத்துவிட்டார். பாலோ வரைக்கும் மிச்ச வழியை நடந்தே போனோம். டின்னை உடம்பில் படாமல் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நான் முன்னால் போனேன். மாஸ்டர் நல்ல தூரம் விட்டுப் பின்னால் வந்தார்.

பாலோவில் வீரன் காத்திருந்தான். ரப்பர் தோட்டத்துப் பால்வெட்டு ஆள். கத்தரிச் செடிக்கு வௌவால் புழுக்கை அள்ளப் போய் அந்தப் பாறையைக் கண்டவன் அவன்தான். நேரே எங்களை மஸ்தான் பாயின் சாப்பாட்டுக்கடைக்கு அழைத்துப் போனான்.

பாய் நாகூர்ப் பக்கத்துக்காரர். தமிழ்க்குரல் கேட்டதும் கல்லாவை விட்டு எழுந்து வந்துவிட்டார். கோப்பி வந்தது, ரொட்டி வந்தது, கேட்காமலே மீன்குழம்பு வந்தது. எங்கள் ஊர்க் குழம்பில் தேங்காய் தொட்டுக்கொள்ள மட்டும். இங்கே மீன் தேங்காய்ப்பாலில் நீந்துகிறது.

மாஸ்டர் ஒரு வாய்கூட வைக்காமல் விஷயத்தைச் சொன்னார்.

“அந்தப் பாறையா? தாராளமாப் போங்க, நம்ம எடம்தானே,” என்றார் பாய். “ஒண்ணே ஒண்ணு. மலையிலேருந்து வர்ற ஓடை முன்னெல்லாம் அந்தப் பாறைக்குள்ளதான் பாஞ்சுக்கிட்டிருந்துச்சு. இப்ப மேலே பலகை போட்டு மறிச்சு வயலுக்குத் திருப்பியிருக்கு. பலகை இருக்கிற வரைக்கும் உள்ளே காஞ்சு கிடக்கும். மழை வலுத்தா வயல் தாங்காது, பலகையை எடுத்தே ஆகணும். அதனால உள்ளே போறப்பவும் சொல்லணும், வெளியே வந்தாலும் சொல்லணும். ஆள் உள்ளே இருந்தா பலகையில யாரும் கை வைக்க மாட்டாங்க.”

“கட்டாயம். ஒவ்வொருமுறையும் உங்களிட்டச் சொல்லிப்போட்டுத்தான் போவம்,” என்றார் மாஸ்டர். அதன்பிறகுதான் ரொட்டியைப் பிய்த்தார்.

பாயின் வீடு மலையடிவாரத்தில், மரக்கால்களின்மேல் நின்ற பலகை வீடு. ரப்பர் ஷீட்டு காயப்போடும் கொட்டகையில் எங்களுக்கு இடம் கொடுத்தார். அவர் மனைவி ஹலீமா மலாய்க்காரர். வயதான பெண்களை மலாய்க்காரர் கூப்பிடுகிறபடி நாங்களும் அவரை மக்சிக் என்றோம். பெரிய உருவம், குறைந்த பேச்சு. மரவள்ளி இலைக்கறியும் சம்பலும் சோறும் கொண்டுவந்து வைப்பார். நாங்கள் நன்றி சொல்லுவோம். தலையாட்டிவிட்டுப் போவார். அதற்குமேல் நாங்கள் அவரிடம் பேசியதில்லை. பேசுவதற்குத்தான் பாய் இருந்தாரே.

மறுநாள் காலையில் பாறைக்குப் போனோம். வீடு அளவுக்குப் பெரிய கற்கள் ஒன்றின்மேல் ஒன்று சரிந்து கிடந்தன. அவற்றின் இடுக்குகள்தான் குகை. வாயில் ஒரு கிணறுபோல நேரே இறங்கியது. கீழே கொஞ்சம் நடக்கலாம். பிறகு கல் தாழ்ந்து வந்து, மல்லாந்து படுத்து மூக்கை உரசிக்கொண்டு நகரவேண்டிய ஒரு சந்து. தண்ணீர் வந்தால் முதலில் நிரம்புவது அந்தச் சந்துதான் என்று மாஸ்டர் போகிறபோக்கில் சொன்னார். அதைத் தாண்டினால் கோயில் மண்டபம்போல ஓர் அறை. வௌவால்கள் கூட்டமாகக் கிளம்பியபோது வந்த காற்றில் என் விளக்கு அணைந்துவிட்டது. மாஸ்டர் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர்போல முகம் மலர்ந்து, அளவு நாடாவை எடுத்தார்.

உள்ளே இறங்குமுன் வீரன் ஒரு காரியம் செய்திருந்தான். வாயிலில் நெற்றிபோல நீண்டிருந்த கல்லில் மஞ்சளும் குங்குமமும் தடவி, கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்தான். தெரியாத இடத்துக்குள் இறங்குகிறவன் அதைச் செய்யாமல் இறங்கமாட்டான். நானும் கும்பிட்டேன். மாஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டார். எங்கள் மூவரில் ஒருவருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை.

அதற்கடுத்த நாள் போனபோது கல் கழுவப்பட்டிருந்தது. தேய்த்துக் கழுவியிருந்தார்கள். மதியச் சோறு மக்சிக் கையால் வரவில்லை. பாயே தட்டைத் தூக்கிக்கொண்டு மேல்மூச்சு வாங்க வந்தார்.

“அந்தக் குங்குமம் எல்லாம் வேண்டாம்ப்பா வீரா,” என்றார்.

“சாமிக்குத்தானே பாயி.”

“சாமிக்கு ஒண்ணும் சொல்லல. வேண்டாம், அவ்வளவுதான்.”

மாஸ்டருக்குச் சோறு இறங்கவில்லை. “அம்மாவுக்கு மனவருத்தமோ? நான் ஒருக்காப் போய்க் கதைக்கட்டோ?” என்றார்.

“அவகிட்ட என்ன பேச்சு? நான் சொல்றேன்ல. நீங்க பாட்டுக்குப் போங்க.”

பாய் போனபிறகு வீரன் சொன்னான்: “கடையில பாயி போடுற சத்தமென்ன! வீட்டுல ஆள் இருக்காரான்னே தெரியல பாத்தீங்களா?”

நான் சிரித்தேன். மாஸ்டர் சிரிக்கவில்லை. அன்று மாலை, பாறைக்குப் போகும் வழியிலிருந்த வேலிப்படலைக் கட்டியிருந்த பிரம்பு முடிச்சு இரட்டையாக மாறியிருந்ததை அவர்தான் கண்டுபிடித்தார். அவிழ்த்தபடியே திரும்பக் கட்ட வெகுநேரம் பாடுபட்டார். மிதித்த புல்லைக் கையால் நிமிர்த்திவிட்டார். வெளியேற்றப் போகிறார்கள் என்ற பயம் அவர் முதுகில் தெரிந்தது. ஆனாலும் அந்தப் பெரிய அறைக்கு அப்பால் இன்னொரு வழி இருந்தது. அதை அளக்காமல் போக அவருக்கு மனமில்லை.

மறுநாள் காலை கடைக்குப் போய்ச் சொல்லிவிட்டுத்தான் இறங்கினோம். “சரி, சரி,” என்றார் பாய், எங்கள் முகத்தைப் பார்க்காமல் மாவைப் பிசைந்துகொண்டே. முந்தின நாள் கயிற்றில் என் உள்ளங்கை உரிந்திருந்ததால் என்னை வாயிலில் உட்காரச் சொன்னார்கள். மாஸ்டரும் வீரனும் உள்ளே போனார்கள். கயிறு கொஞ்ச நேரம் அசைந்தது. பிறகு தொய்ந்துவிட்டது, சந்தைத் தாண்டிவிட்டார்கள் என்று அர்த்தம்.

மத்தியானத்துக்குப் பிறகு மலை உச்சி காணாமல் போயிற்று. இலைகளின்மேல் சத்தம் முதலில் வந்தது, தண்ணீர் பின்னால் வந்தது. நம் ஊரில் மழை தூறிப் பெருக்கும். இங்கே யாரோ அண்டாவைக் கவிழ்த்தமாதிரி விழுகிறது. நான் கவலைப்படவில்லை. பாயிடம்தான் சொல்லியிருக்கிறோமே.

அப்போது மக்சிக் வீட்டிலிருந்து இறங்கி வந்தார். தலையில் ஓலைத்தொப்பி, தோளில் மண்வெட்டி. வயல் வரப்பில் வேகமாக நடந்து, மேலே ஓடைப் பக்கம் திரும்பினார்.

எங்கள் ஊர் விவசாய ஊர். கொட்டுகிற மழையில் மண்வெட்டியோடு வரப்பில் ஓடுகிறவர் எதற்கு ஓடுகிறார் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மடை திறக்க.

எழுந்து நின்றேன். ஆள் உள்ளே இருப்பது தெரிந்துதான் போகிறார், கரையைப் பலப்படுத்தத்தான் போகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கயிற்றைப் பிடித்து இழுத்தேன். பதில் இல்லை. கிணற்றுக்குள் கத்தினேன். என் குரலே திரும்பி வந்தது. மறுபடி மேலே பார்த்தபோது அவர் குனிந்து எதையோ உருவிக்கொண்டிருந்தார்.

கயிற்றை மரத்தில் சுற்றிவிட்டு ஓடினேன். வழுக்கி விழுந்து முட்டி கிழிந்தது. எனக்குத் தெரிந்தது துறைமுகத்து மலாய். அதில் உள்ளதெல்லாம் தூக்கு, இறக்கு, ஜாக்கிரதை. “ஓராங்! ஆள்! பாறைக்குள்ளே ஆள்!” என்று தமிழும் மலாயுமாகக் கத்திக்கொண்டு போனேன்.

இரண்டு பலகைகளில் ஒன்று அவர் கையில் இருந்தது. செம்மண் தண்ணீர் பழைய தடத்தில் இறங்கிப் பாறையைப் பார்த்து ஓட ஆரம்பித்திருந்தது. அவர் என்னைப் பார்த்தார், பாறையைப் பார்த்தார். “எத்தனை பேர்?” என்று மலாயில் கேட்டார். இரண்டு விரலைக் காட்டினேன்.

அந்த முகம் எப்படி மாறியது என்பதை எனக்கு எழுதத் தெரியவில்லை. பலகையை மறுபடி செருகினார். தண்ணீரின் வேகத்தில் அது நிற்கவில்லை. அப்படியே அதற்குப் பின்னால் தண்ணீருக்குள் உட்கார்ந்து, முதுகைக் கொடுத்துக் காலை எதிர்க்கல்லில் உதைத்துக்கொண்டார். “போ, கூட்டி வா!” என்றார்.

ஓடினேன். கயிற்றில் இறங்கியதில் கையில் மிச்சமிருந்த தோலும் போயிற்று. அடியில் கணுக்காலளவு தண்ணீர் நின்றது. சந்தின் வாயில் படுத்துக் கத்தினேன். தண்ணீர் காதுக்குள் போனது. வெகுநேரம் கழித்து வெளிச்சம் ஒன்று அசைந்தது. முதலில் வீரனின் தலை வந்தது, “என்னடா, எங்க வீட்டுல எழவா?” என்று கேட்டுக்கொண்டே. தண்ணீரைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான். மாஸ்டர் பின்னால் மல்லாந்தபடி வந்தார். மூக்கு மட்டும் தண்ணீருக்கு மேலே, கண்ணாடி எங்கோ போய்விட்டது. ஆளுக்கொரு கையாகப் பிடித்து இழுத்தோம்.

நாங்கள் மூவரும் வெளியே வந்தபோது மக்சிக் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். வாய்க்கால் தாங்காமல் கரை உடைந்து, நாற்றங்கால்மேல் தண்ணீர் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் போகத்துக்கு விட்டிருந்த நாற்று முழுவதும் பச்சைப்பாய்போலப் பெயர்ந்து மிதந்து, ரப்பர் மரங்களுக்குள் போயிற்று. அதைப் பார்த்துக்கொண்டுதான் அவர் அசையாமல் இருந்திருக்கிறார். எங்கள் மூன்று தலைகளையும் பார்த்தபிறகு எழுந்தார். இரண்டு பலகையையும் உருவி எறிந்தார். ஓடை முழுசாகப் பாறைக்குள் பாய்ந்தது. நாங்கள் சற்றுமுன் ஏறிவந்த வாய்க்குள் ஒரு மரக்கட்டை சுழன்று போய் மறைந்தது.

“யார் உங்களை உள்ளே போகச் சொன்னது?” என்று கேட்டார்.

“மஸ்தான் பாய்,” என்றார் மாஸ்டர். குளிரில் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது.

“பாறை அவருடையதா?”

பதிலை அவரே சொன்னார். மாஸ்டர் பிறகு எனக்குத் தமிழில் சொன்ன அளவுக்கு எழுதுகிறேன்: “இது என் அப்பா வெட்டித் திருத்திய நிலம். பாறையும் ஓடையும் வயலும் என்னுடையவை. அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு கல்லில் முதலில் சிவப்புப் பொட்டு வந்தது. பிறகு கூரை வந்தது, பிறகு மேளம் வந்தது. அது நல்ல விஷயமாகவே இருக்கட்டும். ஆனால் எங்கள் வழி அடைபட்டது. அதனால் உங்களை இனிமேல் விடவேண்டாம் என்று அவரிடம் சொன்னேன். சொல்லிவிட்டேன், இனிமேல் பாறைக்குப் போகமாட்டார்கள் என்றார். நீங்கள் கொட்டகையில் தூங்கினீர்கள், சரி, ரயிலுக்குக் காத்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன். இத்தனை நாள் என் சோற்றைத் தின்றீர்கள். ஒருவராவது என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?”

தமிழ்க்குரல் கேட்ட இடத்தில் உட்கார்ந்துவிட்டோம். அவ்வளவுதான் எங்கள் யோசனை.

பாய் அப்போதுதான் குடையோடு ஓடி வந்தார். உடைந்த கரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கடைசியில் மனைவியைப் பார்த்தார். குடையை அவர் தலைக்குமேல் பிடித்தார். மக்சிக் அதைத் தள்ளிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

“ஊர்க்காரங்க தேடி வந்து நிக்கிறீங்க,” என்றார் பாய் எங்களிடம், குடை இன்னும் காற்றில் நீண்டபடியே. “இருங்க, வீட்டுக்காரிகிட்டக் கேட்டுட்டு வர்றேன்னு எப்படிங்க சொல்றது? மழை பேஞ்சா அவளுக்கு முன்னாடி நான் போயிடலாம்னு பார்த்தேன். கடையில கூட்டம்...”

வீரன் உடைந்த கரையைப் பார்த்து நடந்தான்.

அதற்கடுத்த நாட்கள் மண்வெட்டியோடு போயின. வீரன் வெட்டினான், நான் சுமந்தேன், மாஸ்டர் கண்ணாடி இல்லாமல் தட்டுத்தடுமாறிக் கரையை மிதித்தார். பாயும் கடையை மூடிவிட்டு வந்து கூடை தூக்கினார். மக்சிக் வீட்டுப்படியில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டு பார்த்தார். “அங்கே இன்னும் மிதி,” என்பார். மாஸ்டர் மிதிப்பார். “ஆபீஸ் கால், அப்படித்தான் இருக்கும்,” என்றார் ஒருநாள் பாயைப் பார்த்து. அந்த மழைக்குப் பிறகு அவர் பாயிடம் பேசிய முதல் வார்த்தை அது. பாய்க்கு முகத்தில் உயிர் வந்தது. வீரன் தோட்டத்துப் பக்கம் அலைந்து ஒரு மலாய்க் குடும்பத்திடம் மிஞ்சிய நாற்று கேட்டு வாங்கி வந்தான். பாதி வயலுக்குத்தான் வந்தது. மிச்சப் பாதி அந்தப் போகத்துக்குச் சும்மா கிடக்கும். அதை எங்களால் சரிசெய்ய முடியவில்லை, அதையும் எழுதவேண்டும்.

கிளம்புகிற அன்று காலை மாஸ்டர் முகம் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு, வீட்டுப்படிக்குக் கீழே போய் நின்றார். நாங்கள் அவருக்குப் பின்னால் நின்றோம். பாய் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றார். மாஸ்டர் தனக்குத் தெரிந்த நல்ல மலாயில் மன்னிப்புக் கேட்டார். பிறகு, இன்னொரு முறை பாறைக்குள் போக விடுவீர்களா என்று கேட்டார். முடியாது என்றால் அது நியாயம்தான் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

மக்சிக் வெற்றிலையை மென்று துப்பினார்.

“வயலில் பயிர் நிற்கிற காலத்தில் வரக்கூடாது,” என்றார். “அறுப்பு முடிந்த பிறகு வாருங்கள், அப்போது வயல் மூழ்கினாலும் பலகையை எடுக்க வேண்டியதில்லை. கடையில் சொல்லவேண்டாம். இந்தப் படியில் வந்து என்னிடம் சொல்லுங்கள்.”

மாஸ்டர் தலை குனிந்தார். உடனே நிமிரவில்லை.

“கல்லில் எதுவும் தடவக்கூடாது,” என்று வீரனைப் பார்த்தார். “கும்பிட்டுவிட்டுப் போகட்டும்.” பிறகு வெற்றிலைக் காம்பால் என்னைக் காட்டினார். “இவனைப் பலகைக்குப் பக்கத்தில் உட்காரவைக்க வேண்டும். நன்றாகக் கத்துகிறான். இவன் வராவிட்டால் நீங்கள் யாரும் வரவேண்டாம்.”

எனக்கு அதற்குள் வேறு திட்டம் இருந்தது. கிளந்தான் பக்கம் போய்ப் பார்க்கலாம், அங்கிருந்து சயாம் எல்லைக்கு ரயில் போகிறதாமே என்று நினைத்திருந்தேன். மாஸ்டர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். கண்ணாடி இல்லாததால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

மக்சிக்கிடம் என் துறைமுகத்து மலாயில், அறுப்பு எந்த மாதம் என்று கேட்டேன்.